இரண்டாவது கதவு
பிரித்தானிய வைத்தியசாலைகளில் உதவித்தாதியர் பயிற்சி கடந்து வந்த பாதை

காலை ஏழு மணியளவில் ஹரோவிலோ, டூற்றிங்கிலோ, ஈஸ்ற்ஹாமிலோ பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். இரவுக்கடமை முடித்து, மேலங்கிக்குள்ளே சீருடை தெரிய, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுமுன் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு நிற்கும் எமது பெண்கள். முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலை வாட்டுகளிலும் இந்நாட்டவரின் தாய் தந்தையரை நீராட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருகின்றார்கள். அவர்களது சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் உதவியாளர் என்று பொருள்படும் ஏதோவொரு சொல் இருக்கும்.

இவர்களுட் சிலர் ஊரில் ஆசிரியைகளாக இருந்தவர்கள். சிலர் தாதியராகவே கடமையாற்றியவர்கள். வந்த புதிதில் கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டனர், ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒருநாள் மேலாளர் அழைத்து, "வேலை செய்துகொண்டே இரண்டு வருடம் படிக்கலாம், முடித்தால் அசிஸ்ரன்ற் பிறக்ரிஷனர் ஆகலாம்" என்கிறார். அன்றிரவு வீட்டில் வாதம் தொடங்குகிறது. இரண்டு வருடம் படித்தும் 'அசிஸ்ரன்ற்' தானா என்கிறார் கணவர். படியில் ஏறினாற்றானே மாடிக்குப் போகலாம் என்கிறார் மனைவி.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஏனெனில் இந்த இரண்டாவது கதவு இந்நாட்டு வைத்தியசாலைகளுக்குப் புதியதன்று. ஆட்கள் போதாத காலத்தில் அது திறக்கப்பட்டது, பின்னர் மூடப்பட்டது, மீண்டும் வேறு பெயரில் திறக்கப்பட்டது. அதனூடாக உள்ளே சென்றவர்களில் சிலர் மேலே ஏறினர். மிகப் பலர் அதே அறையில் தம் உழைக்கும் காலம் முழுவதையும் கழித்தனர். அந்த வரலாற்றை அறியாமல் கையொப்பம் இடுதல் நன்றன்று என்பதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

தாதியர் பயிற்சி என்றதும் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரே நினைவுக்கு வரும். 1860 இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. அங்கும் காலப்போக்கில் இருவகை மாணவியர் இருந்தனர்: செலவை நைற்றிங்கேல் நிதியம் ஏற்ற சாதாரண குடும்பத்துப் பெண்கள் ஒருபுறம், தம் செலவைத் தாமே கட்டிய சீமாட்டிகள் மறுபுறம். பொறுப்பான பதவிகள் எவருக்குப் போயின என்று சொல்லத் தேவையில்லை.

தாதியரை அரசே பதிவு செய்ய வேண்டும் என்று எதெல் பென்விக் அம்மையார் ஏறத்தாழ 30 ஆண்டுகள் போராடினார். நைற்றிங்கேல் அம்மையார் அதனை எதிர்த்தவர் என்பது எம்மவர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். நல்ல குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவரது எண்ணம். இறுதியில் 1919 இல் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921 இல் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதலாவது பெயர் பென்விக் அம்மையாருடையது. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றுப் பரீட்சையில் தேறியவர் அரச பதிவுபெற்ற தாதி, சுருக்கமாக எஸ்.ஆர்.என். ஒரே பதிவேடு, ஒரே வாசல்.

ஆயினும் பதிவேட்டில் பெயர் இருந்தோரைக் கொண்டு மட்டும் வைத்தியசாலைகள் நடைபெறவில்லை. பெயர்பெற்ற பெரிய வைத்தியசாலைகளுக்கு வெளியே, பழைய ஏழைச்சட்டத்தின் கீழ் எழுந்த மருத்துவ இல்லங்களில் முதியோரும் தீராப்பிணியாளரும் ஆயிரக்கணக்கிற் கிடந்தனர். அவர்களைக் கவனித்தோர் பெரும்பாலும் முறையான பயிற்சி அற்ற 'உதவித்தாதியர்'. அவர்களுக்குப் பதிவும் இல்லை, பட்டியலும் இல்லை. எவருக்கும் அவர்கள் கண்ணிற் படவில்லை.

போர் அவர்களைக் கண்ணிற் படச் செய்தது. 1939 இல் குண்டுவீச்சுக் காயக்காரர்களை எதிர்பார்த்துப் பொதுமக்கள் தாதியர் சேமப்படை என ஒன்று அமைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற தாதியர் போதவில்லை. உதவித்தாதியர் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டனர். இப்பெருந்தொகையினரை இனியும் பெயரின்றி விடமுடியாது என்பதைத் தாதியர் கல்லூரியே உணர்ந்தது. வைத்தியரான ஹோடர் பிரபுவின் தலைமையில் அது அமைத்த குழு, இவர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சியும் தனியான அங்கீகாரமும் வேண்டும் என்று 1942 இல் பரிந்துரைத்தது. 1943 இல் சட்டம் வந்தது. பதிவேட்டுக்குக் கீழே 'றோல்' என்னும் பெயர்நிரல் ஒன்று திறக்கப்பட்டது. அதிலே சேர்ந்தவர் நிரலில் ஏறிய உதவித்தாதி. ஏற்கெனவே பல்லாண்டு வேலை செய்தவர்கள் அனுபவத்தைக் காட்டியே நிரலில் ஏற வழி விடப்பட்டது.

இதிலே பரிவும் இருந்தது, தற்காப்பும் இருந்தது. அதே சட்டமே 'நேர்ஸ்' என்ற பெயரைக் கண்டவரும் சூட்டிக்கொள்வதைத் தடுத்தது. உதவித்தாதிக்கு ஓர் இடம் கொடுத்ததன் மூலம் பதிவுத்தாதியின் இடத்தைச் சுற்றி வேலியும் அடைக்கப்பட்டது என்பதே எமது கருத்து.

போர் முடிந்து 1948 யூலை 5 ஆம் நாள் தேசிய சுகாதார சேவை பிறந்தது. வைத்தியம் அனைவருக்கும் இலவசம் என்று ஆகிவிட்டது, கட்டில்கள் நிரம்பின, பார்க்க ஆள் இல்லை. அயர்லாந்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இளம்பெண்கள் அழைக்கப்பட்டனர். பின்னர் மலேசியா, மொறீசியஸ் ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தனர். அவர்களுட் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். 'தாதியாக வாருங்கள்' என்பதே அழைப்பு. வந்து இறங்கியவர்களுக்கு இரண்டு பாதைகள் இருந்தன. மூன்றாண்டுப் படிப்பில் சேர்பவர் 'மாணவி', இரண்டாண்டுப் படிப்பில் சேர்பவர் 'பயில்பவர்'. முதலாமவர் எஸ்.ஆர்.என். ஆவார். மற்றவர் நிரலில் ஏறுவார். 1961 இல் 'உதவி' என்ற சொல்லைச் சட்டப்படி நீக்கி, நிரலில் ஏறியவரை எஸ்.ஈ.என். என்று அழைத்தார்கள். பெயரில் மதிப்புக் கூடியது. இடம் மாறவில்லை. அடுத்த ஆண்டே, 1962 இல், மூன்றாண்டுப் பயிற்சிக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகைமை மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இரு பாதைகளுக்கும் இடையிலான தூரம் இன்னுங் கூடியது.

கடல்கடந்து வந்த பெண்களில் பலருக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்கவில்லை. அவர்கள் பின்னாளில் வாய்மொழி வரலாறுகளாகச் சொல்லி வைத்தவற்றில் இந்த முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகின்றது. பாடசாலையில் நன்கு சித்தியடைந்து, மூன்றாண்டுப் படிப்புக்குத் தகுதியோடு வந்தவர்களும் இரண்டாண்டுப் படிவத்தில் கையொப்பமிட்டனர். இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம், விரைவில் சம்பளம் வரும், வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று சொல்லப்பட்டது. பக்கத்து அறைத் தோழியின் சீருடை வேறாக இருப்பதைக் கண்ட பின்னரே சிலர் விசாரித்தனர். பல வைத்தியசாலைகளில் எஸ்.ஈ.என். தாதிக்குப் பச்சை நிறம் அடையாளம். அந்தப் பச்சை நிறத்தைப் பற்றி முதுமையிலும் கசப்போடு பேசியவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய இடி, ஊருக்குத் திரும்ப நினைத்தபோது விழுந்தது. அவர்கள் வந்த நாடுகள் பலவற்றில் எஸ்.ஈ.என். தகைமை தாதித் தகைமையாக ஏற்கப்படவில்லை. ஐந்தாண்டில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் இங்கேயே தங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலையிலே இரண்டாந்தரம் இருந்ததா? பகலில் ஓரளவு இருந்தது. இரவிலே வாட்டின் பொறுப்பு எஸ்.ஈ.என். தாதியின் கையில் விடப்படுவது சாதாரணமாக நடந்தது. எமது ஊர்களில் அப்போதிக்கரியை நினைத்துப் பாருங்கள். தாளிலே அவர் உதவி வைத்தியர். கிராமத்துக்கோ அவரே 'டொக்ரர் ஐயா'. காய்ச்சலுக்கும் கட்டுக்கும் பிள்ளைப்பேற்றுச் சிக்கலுக்கும் அவர் வாசலிலேதான் மாட்டுவண்டில் நிற்கும். தாளிலே உள்ள பதவி ஒன்று, தலையிலே ஏற்றப்படும் சுமை வேறொன்று என்பதை நாம் ஊரிலேயே கண்டவர்கள்.

இந்த இரட்டை வாசலை மாற்ற ஒரு நல்ல யோசனை வராமலும் இல்லை. அதனை முன்வைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வைத்தியரும் அல்லர், தாதியும் அல்லர். ஏசா பிறிக்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர். 1972 இல் வெளிவந்த அவரது அறிக்கை, எல்லோரும் முதலில் 18 மாதம் ஒரே பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெறட்டும், விரும்பியவர் மேலும் 18 மாதம் படித்துப் பதிவுத்தாதி ஆகட்டும் என்றது. இரண்டு கதவுகளுக்குப் பதிலாக ஒரு படிக்கட்டு. கீழ்ப்படியில் நிற்பவர் விரும்பினால் மேற்படிக்குப் போகலாம், நின்றாலும் இழிவில்லை. எமக்கு அந்த அறிக்கையிற் பிடித்த பகுதி இதுவே. ஆனால் அறிக்கையை ஒட்டிய சட்டம் வருவதற்கே 1979 ஆம் ஆண்டாயிற்று. புதிய தாதியர் சபை பொறுப்பேற்றது 1983 இல். படிக்கட்டு யோசனை அதற்குள் அலுமாரிக்குப் போய்விட்டது.

புதிய சபை 1986 இல் 'புரொஜெக்ற் 2000' என்ற திட்டத்தை வெளியிட்டது. தாதி என்றால் இனி ஒரே தரம், கல்லூரிப் படிப்பு, டிப்ளோமா. மாணவியரை வாட்டில் வேலையாட்களாகக் கணக்கிடக் கூடாது. 1988 இல் அரசு இதனை ஏற்றது. 1989 இல் முதற் படிப்புகள் தொடங்கின. எஸ்.ஈ.என். பயிற்சி படிப்படியாக நிறுத்தப்பட்டது. கல்வி என்ற அளவிலே இது சரியான முடிவு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இரண்டு கேள்விகளுக்கு விடை ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை.

முதலாவது, ஏற்கெனவே நிரலில் உள்ள எஸ்.ஈ.என். தாதியர் என்ன ஆவது? மாற்றுப் படிப்பு உண்டு என்றார்கள். ஆனால் இடங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். இருபதாண்டு வாட்டை நடத்தியவர், தாமே வேலை பழக்கிய இளையவரின் கீழ் நிற்க வேண்டி வந்தது. இரண்டாவது, மாணவியர் கல்லூரிக்குப் போய்விட்டால் நோயாளியைக் குளிப்பாட்டுவது யார்? அதுவரை வாட்டின் சுமையில் பெரும்பங்கைத் தாங்கியோர் மாணவியரே. அந்த இடைவெளியை நிரப்பப் புதிய 'உதவியாளர்' ஒருவர் வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. அவரே ஹெல்த்கெயர் அசிஸ்ரன்ற். 1990 களில் அவருக்கு என்.வி.கியூ. என்னும் தொழிற்றகைமைச் சான்றிதழ் காட்டப்பட்டது. ஆயினும் அது சட்டப்படி கட்டாயமன்று. பதிவேடு இல்லை, நிரல் இல்லை. 1943 இற்கு முன்னிருந்த நிலைக்கே கதை திரும்பியது.

நாம் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த காலத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். 1983 யூலைக்குப் பின் அலையலையாக வந்தோம். சட்டமுறைப் பயிற்சியும் பெயர்நிரலும் உள்ள கதவு மூடப்படும் நேரத்திலேதான் எம்மவர் வாசலுக்கு வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது கையுறையும் மேலாடையும், சில நாள் அறிமுகமும். இந்த வேலை இவ்வளவுதான் என்று பலர் எண்ணிக்கொண்டதற்கு அவர்களை நோகமுடியாது. அவர்கள் பார்த்தது வரலாற்றின் அந்த ஒரு பக்கத்தை மட்டுமே.

அடுத்த திறப்பு 2002 இல் மன்செஸ்ரர் பெரும்பாகத்தில் நிகழ்ந்தது. தாதியர், கதிர்ப்படப் பிரிவினர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் என எல்லாத் துறைகளிலும் ஆள் பற்றாக்குறை. உதவியாளர்களையே தெரிந்தெடுத்து, வேலையில் வைத்தபடி இரண்டாண்டு பயிற்றி, அடிப்படைப் பட்டம் எனப்படும் பவுண்டேஷன் டிகிறி கொடுத்தால் என்ன என்று அங்குள்ள சுகாதார அதிகாரசபை கேட்டது. அவ்வாறு உருவானவரே அசிஸ்ரன்ற் பிறக்ரிஷனர். வாரத்தின் பெரும்பகுதி வழமையான வேலை, மீதி நேரம் வகுப்பு. வாட்டிலே கற்றதைப் பார்த்துக் கையொப்பமிட ஒரு வழிகாட்டி. நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதுவதோடு நில்லாமல், அந்த எண் ஏன் கூடியது, எப்போது தாதியை அழைக்க வேண்டும் என்பதையும் கற்கின்றார். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை நிலையங்களில் இவ்வகைப் பயிற்சி பெற்றோர், தகைமை பெற்ற கதிர்ப்படவியலாளரின் மேற்பார்வையில் தாமே படம் எடுக்கின்றனர். இது எடுபிடி வேலையன்று.

2004 இல் வந்த புதிய ஊதிய ஒழுங்கில் இதன் இடமும் தெளிவாயிற்று. உதவியாளர் பான்ட் 2 அல்லது 3. அசிஸ்ரன்ற் பிறக்ரிஷனர் பான்ட் 4. பதிவுத்தாதி பான்ட் 5 இலிருந்து. (இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவோம். உதவியாளர் பதவி விபரங்கள் 2021 இல் திருத்தி எழுதப்பட்டன. உடற்பராமரிப்பு மட்டும் செய்பவர் பான்ட் 2. இரத்தம் எடுத்தல், நோயாளியின் நிலையை அளந்து பதிதல் போன்ற மருத்துவம் சார்ந்த வேலைகளை வழமையாகச் செய்பவர் பான்ட் 3. இவற்றைச் செய்துகொண்டே பான்ட் 2 இல் இருப்போர் தமது தொழிற்சங்கத்திடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.)

ஆனால் இந்தப் பதவிக்கும் ஒரு குறை இருந்தது, இன்றும் இருக்கின்றது. அசிஸ்ரன்ற் பிறக்ரிஷனருக்குச் சட்டமுறைப் பதிவேடு கிடையாது. ஆகவே பதவிக்கு என்ன பொருள் என்பதை அந்தந்த வைத்தியசாலையே தீர்மானிக்கின்றது. எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் ஒரு நகரில் இரண்டாண்டு கண்விழித்துப் படித்து பான்ட் 4 பெற்றார். கணவரின் வேலை மாறியதால் வேறு நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கிருந்த வைத்தியசாலையில் "எங்களிடம் அப்படி ஒரு பதவி இல்லை, பான்ட் 2 இல் இடம் உண்டு" என்று சொல்லிவிட்டார்கள். அவர் அழவில்லை. சான்றிதழை உறையில் இட்டுத் திரும்பவும் பைக்குள் வைத்தார் என்று எம்மிடம் சொன்னார். பின்னர் அதே பட்டத்தைக் காட்டிப் பல்கலைக்கழகமொன்றில் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தார். அங்கே அது செல்லுபடியாயிற்று. பதவி நகரத்தோடு நின்றுவிட்டது, பட்டம் கூடவே வந்தது.

2013 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. ஸ்ரபோட்ஷயரில் நோயாளிகள் கவனிப்பாரற்று வருந்தியது பற்றிய பிரான்சிஸ் விசாரணை அறிக்கை அவ்வாண்டு பெப்ரவரியில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அதனைத் தொடர்ந்து உதவியாளர்களின் நிலையை ஆராய்ந்த கமிலா கவன்டிஷ் அம்மையார், வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் பதிவுத்தாதியர் அல்லாத முன்னணி ஊழியர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் என்றும், நேரடிப் பராமரிப்பின் பெரும்பகுதி அவர்கள் கையிலேயே உள்ளதென்றும், அவர்களுக்குக் குறைந்தபட்சப் பயிற்சி என்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்று இல்லையென்றும் எழுதினார். அதன் பயனாக 2015 ஏப்ரலில் 15 அளவுகோல்களைக் கொண்ட கெயர் சான்றிதழ் வந்தது. நல்ல தொடக்கமே. ஆயினும் ஒரு நிறுவனம் கொடுத்த சான்றிதழை அடுத்த நிறுவனம் நம்பாமல் முதலிலிருந்து மீண்டும் செய்விப்பது வழமையாகிப் போனதை எம்மவர் பலர் அனுபவித்திருப்பர்.

அதே 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகத் தாதிப் படிப்பில் சேர்வோருக்குப் பட்டம் கட்டாயம் என்றாயிற்று. மேல்வாசல் உயர்ந்தது, இடைவெளி மேலும் அகன்றது. எனவே 2017 இல் இங்கிலாந்தில் 'நேர்சிங் அசோசியேற்' என்ற பெயரில் இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. பவுண்டேஷன் டிகிறியும் உண்டு. தொழில் பழகுநராகச் சம்பளத்தோடு படிக்கும் வழியும் உண்டு. முன்னையதோடு ஒப்பிட்டால் முக்கியமான வேறுபாடு ஒன்றே: 2019 சனவரியில் இவர்களுக்காகத் தாதியர் சபையின் பதிவேட்டிலேயே தனிப்பகுதி திறக்கப்பட்டது. 1943 இன் பெயர்நிரல் 76 ஆண்டுகளின் பின் வேறு பெயரில் திரும்பி வந்தது என்று முதிய தாதியர் பலர் சொன்னார்கள். மலிவான தாதியை உருவாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அந்த அச்சத்தை நாம் வீண் என்று தள்ளமாட்டோம். ஆனால் இம்முறை ஏணியொன்றும் சாத்தி வைக்கப்பட்டுள்ளது. இப்பயிற்சி முடித்தவர் தாதிப் பட்டப்படிப்பில் சேரும்போது முன்பு கற்றதிற் கணிசமான பகுதி கழித்துக்கொள்ளப்படுகின்றது. மேலும் ஏறத்தாழ இரண்டாண்டில் பதிவுத்தாதி ஆனோர் உள்ளனர். பிறிக்ஸ் பேராசிரியரின் படிக்கட்டு, அரை நூற்றாண்டு தாமதித்து, சற்று வளைந்த உருவத்தில் வந்திருக்கின்றது.

ஆகவே தொடக்கத்தில் சொன்ன அந்த வீட்டு வாதத்துக்கு வருவோம். மேலாளர் தரும் தாளில் 'அசிஸ்ரன்ற் பிறக்ரிஷனர்' என்றிருக்கிறதா, 'நேர்சிங் அசோசியேற்' என்றிருக்கிறதா என்பதை முதலிற் பாருங்கள். இரண்டும் இரண்டாண்டு, இரண்டும் பான்ட் 4, ஆயினும் பதிவேடு ஒன்றுக்கே உண்டு. முடிவிற் கிடைப்பது பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமா, நிறுவனத்தின் உட்சான்றிதழா என்று கேளுங்கள். படித்து முடித்ததும் பான்ட் 4 இடம் உறுதியா, அன்றி இடம் வரும்வரை பழைய சம்பளமா என்பதை எழுத்திற் கேளுங்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் இரண்டாம் நிலைத் தேர்ச்சி பெரும்பாலும் கேட்கப்படுகின்றது. அதற்கான வகுப்புகள் உள்ளூர்க் கல்லூரிகளில் உள்ளன, பயிற்சி தொடங்குமுன்னரே முடித்துவைப்பது நலம். மகளோ மகனோ பதினெட்டு வயதில் நேரே தாதிப் பட்டத்துக்குப் போகக்கூடியவராயின், விரைவில் முடிகிறது என்பதற்காக மட்டும் அவரை இரண்டாண்டு வழிக்குத் திருப்ப வேண்டாம். அறுபதுகளில் வந்திறங்கிய பெண்களுக்குச் சொல்லப்பட்டதும் அந்தக் காரணமே. நாற்பது வயதில், குடும்பச் சுமையோடு, சம்பளத்தை விடமுடியாத தாய்க்கோ இதுவே திறந்திருக்கும் வழியாக இருக்கலாம். அதில் குறைவேதும் இல்லை.

தாதியர் சபையின் பதிவேட்டை எவரும் பார்வையிடலாம். அதிலே நேர்சிங் அசோசியேற் பகுதியில் ஆண்டுதோறும் புதுப் பெயர்கள் சேர்கின்றன. தாதியர் பகுதிக்குள் 'இரண்டாம் நிலை' என்ற குறியோடு இன்னொரு சிறு கூட்டமும் உண்டு. பழைய எஸ்.ஈ.என். தாதியரில் மாற்றுப் படிப்புக்குப் போகாமலே கடமையைத் தொடர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பகுதியில் புதிய பெயர் எதுவும் சேர்வதில்லை.